பேச்சிழந்த புரட்சிக் கவி: காஸி நஸ்ருல் இஸ்லாம்

ரமழான் முடிந்து ஷவ்வால் தலைப்பிறை தென்பட்டதும் பங்களாதேஷில் வீடு வீடாக ஒரு பெருநாள் பாட்டு ஒலிக்கும். 1931இல் எழுதப்பட்டு, பாடகர் அப்பாஸுத்தீன் அஹ்மதின் குரலில் இசைத்தட்டாக வெளிவந்த பாட்டு அது. இன்றைக்கும் அந்தப் பாட்டு கேட்காவிட்டால் அங்கே பெருநாள் வந்ததாகவே பலருக்குத் தோன்றுவதில்லை. அதை எழுதியவர் காஸி நஸ்ருல் இஸ்லாம். பங்களாதேஷின் தேசியக் கவி. புரட்சிக் கவி என்று வங்காளிகள் அனைவரும் அன்போடு அழைத்தவர்.

ஆனால் இவ்வளவு பாடிய அந்த மனிதர், தன் வாழ்வின் கடைசி 34 ஆண்டுகளில் ஒரு வரி கூட எழுதவில்லை. பேசவும் இல்லை. பெற்ற பிள்ளைகளின் பெயர் கூட அவர் நினைவில் நிற்கவில்லை. நஸ்ருலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய முதல் 43 ஆண்டுகளைத்தான் விரிவாகச் சொல்வார்கள். மீதி ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அந்த மீதி ஆண்டுகளிலும் நாம் அறிய வேண்டியவை நிறைய உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

துக்கு மியா

1899 மே 24ஆம் திகதி மேற்கு வங்காளத்தின் அசன்சோல் நகருக்கு அருகிலுள்ள சுருலியா என்ற கிராமத்தில் நஸ்ருல் பிறந்தார். தந்தை காஸி ஃபக்கீர் அஹ்மத், ஊர்ப் பள்ளிவாசலின் இமாம். வீட்டில் வறுமை. துயரத்தைக் குறிக்கும் சொல்லையே செல்லப் பெயராக்கி, துக்கு மியா என்று பிள்ளையை அழைத்தார்கள்.

1908இல் தந்தை மௌத்தானபோது நஸ்ருலுக்கு வயது 9. நாமெல்லாம் நான்காம், ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த வயதில், அவர் பள்ளிவாசலில் பாங்கு சொல்லியும், மக்தபில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுத்தும் குடும்பத்துக்கு உழைத்தார். பிறகு லேட்டோ என்ற கிராமியக் கூத்துக் குழுவில் சேர்ந்து பாட்டுக் கட்டினார். அசன்சோலில் ஒரு ரொட்டிக் கடையில், மா பிசைவதும் தேநீர் கொடுப்பதுமாக வேலை செய்தார். அவருடைய அறிவைக் கண்டு வியந்த பொலிஸ் அதிகாரி ஒருவர், மைமன்சிங் மாவட்டத்தில் இருந்த தன் ஊருக்கு அழைத்துச் சென்று பாடசாலையில் சேர்த்துவிட்டார்.

1917இல் பாடசாலைக் கல்வியை விட்டுவிட்டு பிரித்தானிய இந்திய இராணுவத்தில் சேர்ந்தார். கராச்சி முகாமில் ஹவில்தார் தரம் வரை உயர்ந்தார். அங்கேயே பாரசீகக் கவிதைகளைக் கற்றார், எழுதவும் தொடங்கினார். 1920இல் படைப்பிரிவு கலைக்கப்பட்டதும் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

22 வயதில் ஒரு புயல்

1921 டிசம்பர் மாதத்தில் ஓர் இரவு அவர் எழுதிய 'பித்ரோஹி' என்ற நெடுங்கவிதை 1922 ஜனவரியில் வெளியானது. கலகக்காரன் என்பது அதன் பொருள். ஒரே நாளில் வங்காளம் முழுவதும் அவர் பெயர் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'தூம்கேது' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வால்வெள்ளி என்று அர்த்தம். பிரித்தானிய அரசு அதை நெடுநாள் பொறுக்கவில்லை. நவம்பரில் கைதானார். 1923 ஜனவரியில் ஓராண்டு கடூழியச் சிறைத் தண்டனை கிடைத்தது. சிறைக்குள் கைதிகள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து ஏறக்குறைய 40 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அவர் சிறையில் இருந்தபோதுதான் மகாகவி தாகூர் தன் 'வசந்த' என்ற இசை நாடகத்தை அவருக்குச் சமர்ப்பணம் செய்தார். நோபல் பரிசு பெற்ற ஒரு பெரியவர், 24 வயது கூட நிரம்பாத ஒரு கைதிக்குச் செய்த மரியாதை அது.

1924 ஏப்ரலில் பிரமிளா என்ற இந்துப் பெண்ணை மணந்தார். இரு சமயத்தாரிலும் பலர் கோபித்தார்கள். அவர் அசையவில்லை. பெண்ணும் ஆணும் சமம் என்று அந்தக் காலத்திலேயே ஒரு கவிதை முழுக்க வாதாடினார். இஸ்லாமியப் பாடல்களை எழுதிய அதே கையால் இந்துக்களின் பக்திப் பாடல்களையும் எழுதினார். அவர் எழுதி இசையமைத்த பாடல்கள் ஆயிரக்கணக்கானவை.

துயரங்கள் வரிசையாக வந்தன

1930இல் அவருடைய செல்ல மகன் புல்புல் பெரியம்மை நோயால் இறந்துபோனான். நான்கு வயது கூட நிறையாத குழந்தை. அந்தத் துயரத்திலிருந்து நஸ்ருல் முழுமையாக மீளவில்லை என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1939இல் பிரமிளாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போனது. அதன்பின் அவர் எழுந்து நடக்கவே இல்லை. மனைவியின் வைத்தியச் செலவுக்காக, தன் இசைத்தட்டுகளின் உரிமைத் தொகையையும் நூல்களின் உரிமையையும் 400 ரூபாவுக்கு ஈடு வைத்தார் நஸ்ருல். வங்காளமே பாடிக்கொண்டிருந்த பாட்டுகளின் விலை அவ்வளவுதான். பத்திரிகை வேலை, வானொலி வேலை என்று இரவு பகலாக உழைத்தார். 1941 ஆகஸ்டில் தாகூர் மறைந்தபோது வானொலியில் இரங்கல் கவிதை பாடினார்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் அது நடந்தது. 1942 ஜூலையில் ஒரு நாள் கல்கத்தா வானொலியில் சிறுவர்களுக்கான நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய நாக்கு குழறியது. சொற்கள் வரவில்லை. சில வாரங்களிலேயே பேச்சும் நினைவும் அவரை விட்டு நீங்கத் தொடங்கின. அப்போது அவருக்கு வயது 43.

நோய்க்குப் பெயர் இல்லாத ஆண்டுகள்

முதலில் ஹோமியோபதி வைத்தியம் பார்த்தார்கள். பிறகு ஆயுர்வேத வைத்தியம். இடம் மாறினால் சுகமாகும் என்று மதுப்பூருக்கு அழைத்துப் போனார்கள். குணமாகவில்லை. 1942 ஒக்டோபரில் கல்கத்தாவின் லும்பினி பார்க் மனநல வைத்தியசாலையில் சேர்த்தார்கள். வியன்னாவில் இருந்த சிக்மண்ட் ஃப்ராய்டோடு நெடுங்காலம் கடிதத் தொடர்பு வைத்திருந்தவரும், 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவருமான வைத்தியர் கிரீந்திரசேகர் போஸ் அங்கே அவரைப் பார்த்தார். அந்தக் காலத்து இந்தியாவில் அதைவிடப் பெரிய மனநல வைத்தியர் கிடைப்பது அரிது. சுமார் நான்கு மாதங்கள் அங்கே வைத்திருந்தார்கள். அங்கும் முன்னேற்றம் இல்லை.

பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நோய் என்ன என்று தெரியாமலே ஆண்டுகள் கழிந்தன. 1943இல் வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 1946இல் கல்கத்தாவின் வீதிகளில் இந்து முஸ்லிம் கலவரம் வெடித்தது. 1947இல் வங்காளமே இரண்டாகப் பிளந்தது. இந்த மூன்றையும் பற்றி எழுதுவதற்கு வங்காளத்தில் நஸ்ருலை விடப் பொருத்தமான பேனா வேறு இருக்கவில்லை. அந்தப் பேனா வீட்டில் சும்மா கிடந்தது.

நோய்க்குப் பெயர் தெரியாத வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மகன் போன கவலை என்றார்கள் சிலர். கடன் தொல்லை என்றார்கள் சிலர். ஆன்மிகப் பயிற்சியில் அளவு மீறிப் போனதால் வந்த வினை என்றார்கள் வேறு சிலர். இவற்றை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தவர் பிரமிளா. எழுந்து நடக்க முடியாத அந்தப் பெண், படுத்த படுக்கையில் இருந்தபடியே பக்கத்தில் கணவரை இருத்தித் தன் கையால் சோறூட்டினார்.

ராஞ்சியிலிருந்து வியன்னா வரை

1952இல்தான் நிலைமை மாறியது. கவிஞரின் நண்பர்களும் ஆதரவாளர்களும் சேர்ந்து நஸ்ருல் சிகிச்சைக் குழு ஒன்றை அமைத்துப் பணம் திரட்டினார்கள். முதலில் ராஞ்சி மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். நான்கு மாதங்கள் அங்கே இருந்தார். பயன் கிடைக்காததால் 1953 மே மாதம் நஸ்ருலும் பிரமிளாவும் இலண்டனுக்குப் புறப்பட்டார்கள். ஒருவருக்குப் பேச முடியாது, மற்றவருக்கு நடக்க முடியாது. அந்த இருவரும் கடல் கடந்து போன பயணம் அது.

இலண்டனில் புகழ்பெற்ற நிபுணர்கள் பார்த்தார்கள். அவர்களில் ரஸல் பிரெய்ன், வில்லியம் சார்கண்ட், மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் மெக்கிஸொக் ஆகியோர் இருந்தார்கள். இதற்கு முன் நடந்த சிகிச்சைகள் அரைகுறையானவை என்பதில் அவர்களுக்கிடையே பேதம் இல்லை. நோய் என்ன என்பதில் ஒற்றுமை இல்லை. ஒரு பிரிவினர் நடுவயதில் வரும் ஒருவகை மனநோய் என்றார்கள். மெக்கிஸொக் மூளையில் சத்திரசிகிச்சை செய்யலாம் என்றார். ரஸல் பிரெய்ன் அது கூடாது என்றார்.

இன்று மூளையைப் படம் பிடிக்க ஸ்கேன் இயந்திரங்கள் உண்டு. அன்று அவை இல்லை. முதுகுத்தண்டு நீரைச் சிறிது எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பார்கள். காற்று நிரம்பிய இடைவெளிகள் படத்தில் தெரியும். நோயாளிக்குக் கடும் தலைவலி தரும் சோதனை அது. அப்படி எடுத்த படத்தில் நஸ்ருலின் மூளையின் முன்பகுதி சுருங்கிப்போயிருந்தது தெரிந்தது.

அந்த அறிக்கைகளோடு ஒஸ்ட்ரியாவின் வியன்னாவுக்குப் போனார்கள். அங்கே பேராசிரியர் ஹான்ஸ் ஹொஃப் இருந்தார். மனநல வைத்தியர்களுள் முதன்முதலாக நோபல் பரிசு பெற்ற வாக்னர் யாவ்ரெக் என்பவரின் மாணவர் அவர். 1953 டிசம்பர் 9ஆம் திகதி, இரத்தக் குழாயில் சாயம் செலுத்தி மூளையின் குழாய்களைப் படம் பிடிக்கும் சோதனையைச் செய்தார்கள். ஹொஃப் முடிவைச் சொன்னார். பிக்ஸ் நோய்.

1892இல் அர்னோல்ட் பிக் என்ற வைத்தியர் ப்ராக் நகரில் முதன்முதலாக விவரித்த நோய் அது. மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் மெல்ல மெல்லச் சுருங்கிப்போகும். முதலில் நடத்தையும் பேச்சும் மாறும். பிறகு மற்றவையும் போகும். முதுமையில் வரும் மறதி நோயைப் போல் அல்லாமல் 40, 50 வயதுகளிலேயே இது தொடங்கலாம். அன்று அதற்கு மருந்து இருக்கவில்லை. இன்றும் அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. நோய் முற்றிவிட்டது, மீட்க முடியாது என்று ஹொஃப் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த மாதமே எல்லோரும் கல்கத்தா திரும்பினார்கள்.

பெயர் தெரிந்ததால் என்ன பயன்?

சுகப்படுத்த முடியாது என்று கேட்பதற்காகவா அவ்வளவு தூரம் போனார்கள் என்று யாரும் கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் மூன்று பயன்கள் தெரிகின்றன.

முதலாவது, தேவையற்ற மூளைச் சத்திரசிகிச்சையிலிருந்து அவர் தப்பினார். இரண்டாவது, ஊர் ஊராக, வைத்தியர் வைத்தியராக அவரை இழுத்துக்கொண்டு திரியும் அலைச்சல் நின்றது. இனிச் செய்ய வேண்டியது அன்பாகப் பராமரிப்பது மட்டுமே என்று குடும்பம் அறிந்துகொண்டது. மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பழி நீங்கியது. கவலையோ, கடனோ, வழிபாடோ, மனைவியோ அவரை இப்படி ஆக்கவில்லை. மூளை என்ற உறுப்புக்கு வந்த நோய் அது. இந்த ஒரு வார்த்தையைக் கேட்க அந்தக் குடும்பம் 11 ஆண்டுகள் காத்திருந்தது.

பிரமிளா 1962 ஜூன் 30ஆம் திகதி காலமானார். அவரைக் கணவரின் ஊரான சுருலியாவிலேயே அடக்கினார்கள். பங்களாதேஷ் விடுதலை பெற்றபின் 1972 மே 24ஆம் திகதி, அதாவது தன் பிறந்த நாளன்று, நஸ்ருல் அரச மரியாதையோடு டாக்கா அழைத்துச் செல்லப்பட்டார். டாக்கா பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. குடியுரிமையும் கிடைத்தது. எதையும் அவர் அறிந்திருக்க மாட்டார். 1976 ஆகஸ்ட் 29ஆம் திகதி அவர் வஃபாத்தானார். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், பாங்கோசை கேட்கும் இடத்தில் தன்னை அடக்க வேண்டும் என்று முன்பொரு பாட்டில் அவர் ஆசைப்பட்டிருந்தார். அதன்படியே டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசலின் அருகில் அவரை அடக்கினார்கள்.

நமது மலையகத்தில்

இந்தக் கதையை ராகலையில் இருந்து வாசிக்கும்போது அது வெகுதூரத்துக் கதையாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவர் திடீரென்று பேசாமல் இருந்தால், தூக்கமில்லாமல் உலாவினால், வேலைக்குப் போகாமல் சுருண்டு கிடந்தால், முதலில் கோடாங்கியைத் தேடுவார்கள். காற்று கறுப்பு பட்டுவிட்டது என்பார்கள். நம்மவர்களும் அதற்குக் குறைந்தவர்கள் அல்லர். ஜின் என்போம், செய்வினை என்போம், இஸ்மு கட்டுவோம். வைத்தியசாலை கடைசி இடத்தில்தான் வரும். அதுவும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல், விடியற்காலை பஸ்ஸில், கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்கு. யாராவது கேட்டால் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போனதாகச் சொல்வார்கள்.

அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே ஒரு வசைச்சொல் ஆக்கி வைத்திருக்கிறோம். வகுப்பில் கூட அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் இன்று மனநல சிகிச்சை பெற அங்கொடைக்குப் போகத்தான் வேண்டும் என்பதில்லை. நுவரெலியா போன்ற மாவட்டத்துப் பெரிய வைத்தியசாலைகளிலேயே மனநல கிளினிக் நடக்கிறது. அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைத்துப் பேசலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நஸ்ருலுக்கு வந்தது அரிதான, மருந்தில்லாத நோய். நம் ஊர்களில் அதிகமாகக் காணப்படும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவை அப்படியல்ல. அவற்றுக்கு மருந்தும் உண்டு, ஆலோசனையும் உண்டு. சிகிச்சை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை வளர்க்கிறவர்கள் எத்தனையோ பேர். எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரே வழி வைத்தியரிடம் காட்டுவதுதான். வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் தூக்கிக்கொண்டு ஓடுவாள். தாய்க்கே மனம் சரியில்லை என்றால் யார் அழைத்துப் போவது? தானாகப் போக வேண்டும், அல்லது பக்கத்தில் இருப்பவர் கைபிடித்து அழைத்துப் போக வேண்டும். நஸ்ருலை நண்பர்கள் அழைத்துப் போனார்கள்.

இது நம் மார்க்கத்துக்குப் புதிதும் அல்ல. எந்த நோயையும் அதற்குரிய நிவாரணம் இல்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை, ஆகவே வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது. அதைப் பின்பற்றித்தான் 1284இல் கெய்ரோவில் கட்டப்பட்ட மன்சூரி வைத்தியசாலையில் மனநோயாளர்களுக்கென்று தனிப் பகுதி வைத்தார்கள். 1488இல் உஸ்மானியர்கள் எதிர்னே நகரில் கட்டிய வைத்தியசாலையில் இசையாலும் நீரோசையாலும் அவர்களுக்கு ஆறுதல் அளித்தார்கள். துஆ கேட்பதும் கிளினிக்குக்குப் போவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று அவர்கள் நினைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் அப்படி நினைக்க வேண்டும்?

அடுத்த முறை நம் லயத்தில், நம் தெருவில், நம் வீட்டில் ஒருவருடைய பேச்சு குறைந்தால், தூக்கம் கெட்டால், அவருக்குக் காரணம் கற்பிப்பதற்கு முன்னால் ஒரு துண்டு எழுதிக்கொண்டு வைத்தியசாலைக்கு அழைத்துப் போவோம். எப்போது தொடங்கியது, என்ன மாறியது, என்ன மருந்து எடுத்தார் என்பதை அந்தத் துண்டில் எழுதினால் வைத்தியருக்கு அது பேருதவி. பிரமிளா 11 ஆண்டுகள் காத்திருந்ததைப் போல இன்னொரு பெண் காத்திருக்க வேண்டியதில்லை.

உயர்தரம், கலைப்பிரிவு மாணவி
ராகலை